ஆண் எழுத்தும் பெண் எழுத்தும்

பரீக்ஷைத் தாள்களைத் திருத்தும் உபாத்தியாயர்களிடத்தில் ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. பெயரை மறைத்து எண்ணை மாத்திரம் இட்டுத் தாளைக் கொடுத்தாலும், எழுத்தைப் பார்த்தவுடனே எழுதியது பையனா, பெண்ணா என்று சொல்லிவிடலாம் என்பதே அது. உருண்டையாய், ஒரே அளவாய், வரி கோணாமல் இருந்தால் பெண். கிறுக்கலாய், ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தால் ஆண். இதைக் கேட்டு நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் இதிலே மாணவர்களின் மார்க்கு விஷயமும், சில சமயங்களில் நியாயஸ்தல விஷயமும் கலந்திருப்பதால் சற்று ஆராய்ந்து பார்ப்பது அவசியமென்று கருதுகிறோம்.

மேற்படி நம்பிக்கை முழுப் பொய்யன்று. புத்தியை அளக்கும் பரீக்ஷையை ஏற்படுத்திப் புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் ஆல்பிரட் பினே, 1906ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் இந்த விஷயத்தைச் சோதித்திருக்கிறார். ஆண்களும் பெண்களும் விலாசம் எழுதிய தபால் உறைகளை, கையெழுத்து சாஸ்திரத்தில் நிபுணரென்று பேரெடுத்த ஒருவரிடமும் சாதாரண ஜனங்களிடமும் காட்டினார். நிபுணர் நூற்றுக்கு 79 அளவில் சரியாகச் சொன்னார். சாதாரண ஜனங்களோ 70க்குச் சமீபமாகச் சொன்னார்கள். பின்னர் பல தேசங்களில் நடந்த சோதனைகளிலும் பெரும்பாலும் 60க்கும் 75க்கும் இடையேதான் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சரியாகும் என்பதை நேயர்கள் மறக்கலாகாது. ஆகவே வித்தியாசம் உண்டு. ஆனால் நிபுணரே ஐந்தில் ஒன்றைத் தவறாகச் சொல்லும் அளவுக்குத்தான் உண்டு.

இதற்குக் காரணம் என்ன? பிறவியே என்பார் ஒரு சாரார். பெண்களின் விரல்கள் நுண்ணிய வேலையில் வேகமானவை என்று காட்டும் சோதனைகள் உண்டு. ஆனால் 1990ல் கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் சிலர், சிறு ஆணிகளைத் துளைகளில் செருகும் சோதனையில் விரலின் பருமனையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, ஆண் பெண் வித்தியாசம் மறைந்துவிட்டது. சிறிய ஆணியைச் சிறிய விரல் சுலபமாகப் பிடிக்கிறது, அவ்வளவே! கருவிலிருக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் எழுத்தின் போக்கில் சிறிது சம்பந்தப்படலாம் என்று, பெண்களின் விரல் நீளங்களை அளந்து 2005ல் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த ஒன்றைக்கொண்டு கட்டடம் எழுப்பவும் துணியோம். நம் நாட்டில், பெண்கள் கோலமிட்டுப் பழகிய கை என்று சொல்லத் தோன்றும். அழகான காரணந்தான். ஆனால் கோலம் இன்னதென்று அறியாத பாரிஸ் நகரத்துப் பெண்களின் எழுத்தும் அடையாளம் தெரிந்ததே!

நம் அபிப்பிராயத்தில் சரித்திரம் சொல்லும் காரணமே பலமானது. இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் காலத்தில் இருவகைக் கைகள் வழங்கின. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் எழுதிய சிக்கலான ‘செக்ரட்டரி’ எழுத்து ஒன்று. இத்தாலியிலிருந்து வந்த தெளிவான ‘இடாலிக்’ எழுத்து மற்றொன்று. ஷேக்ஸ்பியரின் கையொப்பங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வகை, முதலில் மகா வித்வான்களின் பெருமைக்குரிய எழுத்தாக இருந்தது. எலிசபெத் ராணியும் அதில் தேர்ந்தவர். கனவான்களின் வீட்டுப் பெண்களுக்கும் அதையே கற்பித்தார்கள். விளைவென்ன? 1618ல் லண்டனில் மார்ட்டின் பில்லிங்ஸ்லி என்ற எழுத்தாசிரியர், இது கற்பதற்கு மிகச் சுலபமானது, பொறுமையற்ற பெண்களுக்கு இதுவே தகும் என்று எழுதிவைத்தார். வித்வான் எழுதியபோது மேன்மையாயிருந்தது, பெண் எழுதத் தொடங்கியதும் எளிமையாகிவிட்டது! இன்றைக்கோ பெண்களின் எழுத்து நன்றாயிருப்பதற்குக் காரணம் அவர்களுடைய இயற்கையான பொறுமை என்கிறார்கள். நான்கே நூற்றாண்டுகளில் இயற்கை இப்படித் தலைகீழாக மாறுமா என்பதை நேயர்களே தீர்மானிக்கட்டும்.

ஜப்பானில் ஆடவர் சீன எழுத்தில் சர்க்கார் காரியங்களை நடத்திவந்த காலத்தில், அந்நாட்டு ஒலிகளுக்கேற்ற எளிய எழுத்துக்குப் ‘பெண் கை’ என்றே பெயர். மூரசாகி சீமாட்டி கெஞ்ஜியின் கதையை அந்த எழுத்திலேயே எழுதினார். பத்தாம் நூற்றாண்டில் கீ நோ சுராயுகி என்ற ஆண் கவிஞர், அந்த எழுத்தில் தமது பிரயாணக் குறிப்பை எழுதுவதற்காகத் தம்மை ஒரு பெண்ணாகப் பாவித்துக்கொண்டார். சீனத்தின் ஹூனான் மாகாணத்து ஜியாங்யோங் பிரதேசத்தில், பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட பெண்கள் தமக்குள்ளேயே ‘நூஷூ’ என்ற தனி லிபியை வளர்த்தார்கள். தாயிடமும் தோழியிடமும் அதைக் கற்றவர்களில் கடைசியானவரென்று கருதப்பட்ட மூதாட்டி 2004ல் காலஞ்சென்றார். இவற்றிலெல்லாம் எழுத்தைப் பிரித்தது விரலா, வாசற்கதவா?

நம் தேசத்தில் 1901ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி எழுத்தறிந்த ஆண்கள் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் இருந்தார்கள். பெண்களோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2011ல் ஆண்கள் 80க்கு மேலும், பெண்கள் 65 அளவிலும் ஆனார்கள். பெண்ணெழுத்தின் குணங்களைப்பற்றித் தீர்ப்புச் சொல்பவர்கள், அவள் கைக்குப் பேனா வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிலே நடப்பதும் தெரிந்ததே. பையன் கிறுக்கினால், ‘ஆண்பிள்ளை எழுத்து அப்படித்தான்’ என்று சமாதானம். பெண் கிறுக்கினால், ‘இது என்ன எழுத்து?’ என்று கண்டிப்பு. இங்கிலாந்தில் ஏழெட்டு வயதுக் குழந்தைகளை மறுபாலார் போல எழுதச் சொன்னபோது எழுத்தை மாற்றிக் காட்டினார்கள். எது யாருக்கு உரியதென்ற பாடம் அந்த வயதிலேயே ஏறிவிடுகிறது.

சட்டத்தைப்பற்றி ஒரு வார்த்தை. 1872ஆம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் அமலுக்கு வந்துள்ள புதிய சட்டமும் கையெழுத்து நிபுணரின் அபிப்பிராயத்தை அனுமதிக்கின்றன. அது ஒப்புக்கொண்ட எழுத்தோடு சந்தேக எழுத்தை ஒப்பிட்டு, இன்னார் எழுதியது என்று சொல்வதற்கே. அதையும் ஜாக்கிரதையுடன் ஏற்க வேண்டுமென்று 1980ல் முராரிலால் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. அப்படியிருக்க, மொட்டைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது பெண் எழுத்து’ என்று ஒரு குடும்பப் பெண்ணைச் சந்தேகிப்பது அக்கிரமம்.

மார்க்கு விஷயம் இதைவிடப் பரவலானது. தெளிவான எழுத்துக்கு, விஷயம் ஒன்றாயிருந்தாலும், அதிக மார்க்கு விழுகிறதென்று 1920களிலேயே அமெரிக்காவில் கண்டார்கள். 1984ல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியிலோ, ஒரே விஞ்ஞானக் கட்டுரை பையனுடையதென்று காட்டப்பட்டபோது உபாத்தியாயர்களிடம் அதிக மதிப்புப் பெற்றது. ஆக, அழகாக எழுதத் தெரியாத பையனுக்கு ஒரு நஷ்டம். பெண்ணென்று தெரிந்துவிட்ட பெண்ணுக்கு வேறொரு நஷ்டம். ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுமென்று சமாதானம் சொல்வதை நாம் ஏற்கமாட்டோம். நஷ்டப்படுகிறவர்கள் வெவ்வேறு குழந்தைகள்.

பெயரை மறைத்தால் போதுமென்று கல்வி இலாகாவார் எண்ணியிருக்கக் கூடாது. எழுத்துச் சுத்தத்துக்கு மார்க்கு உண்டானால் அதை வினாத்தாளிலேயே தனியாகக் குறிப்பிட வேண்டும். இல்லையானால் இல்லையென்று திருத்துவோருக்கு ஸ்பஷ்டமாக உத்தரவிட வேண்டும். ஒரே தாளை ஒருவரே முழுதும் திருத்தாமல், கேள்விக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆரம்ப வகுப்புகளில் பையன்களையும் பெண்களைப் போலவே உட்காரவைத்துக் கண்டிப்புடன் எழுதப் பழக்க வேண்டும். இதற்குப் புதிதாகப் பணம் ஒன்றும் அதிகம் வேண்டியதில்லை. வருகிற வகுப்பாண்டிலேயே தொடங்கலாம்.