கடன் தீர்ந்தது, கணக்குத் தீர்ந்ததா?

உணவிற்கும் உடைக்கும் அடுத்தபடியாக மாந்தர் விழைவது தமக்கென ஓர் இல்லம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இடங்களில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் கடலிலும் உழைத்த தந்தையர் பலர் வாடகை வீட்டிலேயே தம் காலத்தைக் கழித்தனர். அவர்தம் மக்கள் பட்டம் பெற்று ஊதியம் ஈட்டத் தொடங்கியதும் முதற்கண் எண்ணுவது சொந்த வீட்டையே. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரையில் வந்ததிலிருந்து இவ்வெண்ணம் இன்னும் வலுத்திருக்கிறது. ஆயின், வங்கியின் வாயிலில் அவர்களுள் பலரை ஓர் ஐயம் தடுத்து நிறுத்துகின்றது. "கிரெடிட் கார்டுக் கடனை அண்மையில்தான் அடைத்தோம், இனி எமக்கு வீட்டுக் கடன் கிடைக்குமா?" என்பதே அது. இதனைக் குறித்து எமது கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அட்டைக் கடன்பட்டோர் யாவரும் ஆடம்பரப் பிரியர் என்று கூறுவது நேர்மையன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் நம் பகுதி வீடுகளுட் புகுந்ததையும், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர் பிழைப்பைக் கெடுத்ததையும் நாம் மறந்திலேம். அத்தகைய நாட்களில் மருத்துவச் செலவிற்கும் பழுதுபட்ட பொருள்களை மாற்றுதற்கும் கையிலிருந்த அட்டையே பலருக்கு உதவிற்று. ஆயினும், உதவிய கையே கழுத்தை நெரிக்கவும் வல்லது.

ஒருவருக்கு அட்டையில் 1,00,000 ரூபாய் பாக்கி என்று கொள்வோம். மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை வீதமாயின் 3,500 ரூபாய். அவ்வட்டியின்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சரக்கு சேவை வரி 630 ரூபாய். குறைந்தபட்சத் தொகையாக 5,000 ரூபாயை மட்டும் அவர் செலுத்தினால், அசலில் குறைவது 870 ரூபாயே. வீட்டுக் கடனோ, ஆண்டுக்கு எட்டரை வீத வட்டியில் 20 ஆண்டுத் தவணையாயின், லட்சத்திற்கு மாதம் 868 ரூபாய் செலுத்தினாலே வட்டியும் அசலும் ஒருங்கே தீர்ந்துவிடும். மேலும், விண்ணப்பதாரரின் ஊதியத்தில் பிற கடன்களுக்குப் போகும் பகுதியைக் கழித்தே வங்கி அவரது தகுதியை அளக்கின்றது. மாதம் 5,000 ரூபாய்ச் சுமை நீங்குமாயின், அத்தொகை ஏறக்குறைய 5,75,000 ரூபாய் வீட்டுக் கடனைத் தாங்கும். ஆதலின், வீடு வாங்கக் கருதுவோர் முதற்கண் அட்டைக் கடனை அடைப்பதே அறிவுடைமை என்பதில் ஐயமில்லை.

ஆனால், கடனை அடைத்தல் வேறு. நம்பிக்கையை மீட்டல் வேறு. 2000-ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தோன்றியது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இன்று அதனோடு நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றைத் தொகுத்து, 300 முதல் 900 வரையில் மதிப்பெண் வழங்குகின்றன. 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் இந்நிறுவனங்களுக்குத் தகவல் தரவேண்டும். ஆகவே பாக்கி தீர்ந்த செய்தி சில வாரங்களில் ஏடேறும். தவணை தவறிய செய்தியோ ஆண்டுக்கணக்கில் அவ்வேட்டிலேயே நிற்கும்.

நம் திருவொற்றியூரிலேயே இதற்கொரு பழைய ஒப்புமை உண்டு. மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கைத் தவறி ஊரெல்லையைக் கடந்த சுந்தரர் கண்ணொளி இழந்தார் என்றும், ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மற்றொன்றை ஆரூரிலும் பெற்றார் என்றும் பெரியபுராணம் கூறும். வாக்குத் தவறியது ஒரு நாளில். பார்வை மீண்டதோ படிப்படியாக. கடன் ஏட்டின் இயல்பும் இதுவே.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பாக்கியில் ஒரு பகுதியைத் தந்தாற் போதும், மீதியை விட்டுவிடுகிறோம் என்று வசூலிப்பவர் கூறும் சொல் இனிமையானதுதான். ஆயின், அவ்வாறு தீர்த்த கடன் ஏட்டில் 'முடிக்கப்பட்டது' என்று பதிவாகாமல் 'செட்டில்டு' என்று பதிவாகும். அந்த ஒரு சொல்லைக் கண்டு வீட்டுக் கடனை மறுக்கும் வங்கிகள் பல. இயன்றவரையில் முழுத்தொகையையும் செலுத்துக; பாக்கியில்லை என்னும் சான்றிதழைக் கேட்டுப் பெறுக. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டிற்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரும். வங்கிக்குச் செல்லுமுன் அதனைப் படித்துப் பார்க்க. பிழையிருப்பின் முறையிடுக, முப்பது நாட்களுக்குள் தீர்க்காவிடின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமை 2024 ஏப்ரல் முதல் நமக்கு உண்டு.

அடைத்த மறுநாளே விண்ணப்பிக்க விரைவோர்க்கு, ஆறு திங்களேனும் பொறுப்பது நன்று என்று சொல்வோம். சேமிப்பையெல்லாம் அட்டைக் கடனுக்கே செலுத்தியவர் கையில் முன்பணம் இராது. முப்பது லட்சம் வரையிலான கடனுக்கும் வீட்டு மதிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வங்கி தரலாகாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பெரும்பாலும் நம் பொறுப்பே. காத்திருக்கும் காலம் முன்பணத்தையும் மதிப்பெண்ணையும் ஒருசேர வளர்க்கும். வட்டியில் அரை வீதம் குறைந்தாலும், 25 லட்ச ரூபாய்க் கடனில் 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 1,90,000 ரூபாய் மிச்சமாகும்.

இனி வங்கிகளுக்கும் ஒரு சொல். அவை கடனாகக் கொடுப்பது பிறர் வைத்த வைப்புப் பணம். ஆதலின் ஏட்டைப் பார்ப்பது அவற்றின் கடமை. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால், ஏட்டை மட்டும் பார்த்து ஆளைப் பாராமல் விடுவது நீதியாகாது. இன்னல் வந்தபோது தவறி, பின்னர்த் தன் உழைப்பால் முழுக்கடனையும் அடைத்தவன், ஒருபோதும் அடையாதவனோடு ஒரே நிரையில் நிற்கத்தக்கவனல்லன். அவன் கடனடைத்த திங்கள்களும் அவனுக்குச் சான்றல்லவா? மதிப்பெண் குறைந்தவரை உடனே திருப்பியனுப்பாது, ஊதியத்தையும் தவறியதன் காரணத்தையும் விசாரிப்பதும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவதும் வங்கியின் கடனென்பது எமது துணிபு.

மாணாக்கர்களே, உங்கள் இல்லங்களில் வங்கியிலிருந்து வரும் கடிதத்தை முதலிற் படிக்கத்தக்கவர் நீங்களே. பெற்றோர் கையொப்பமிடுமுன் வட்டி வீதம் யாது, குறைந்தபட்சத் தொகையின் பொருள் யாது என்று விளக்கிக் கூறுங்கள். கற்ற கணக்கிற்கு இதனினும் சிறந்த பயனை யாம் அறியோம்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் நாள்தோறும் கடன் மன்னிப்பை வேண்டுகிறோம். மன்னிக்கும் பண்பு வங்கி ஏட்டிற்கு இல்லை. அதற்கு உள்ளது நினைவு ஒன்றே. அந்நினைவில் இனி நல்லனவே பதியுமாறு வாழ்வது நம் கையில் இருக்கிறது. பதிந்த நல்லதைக் கண்டு கதவைத் திறப்பது அவர்கள் கையில் இருக்கிறது.