காதுக்குள் கூவுகிறதா?

தோழர்களே, பௌர்ணமியில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் பலர் வருகிறார்கள். தென்னந்தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடிக்கும் நம்மவர்களுக்கோ இரவெல்லாம் காதுக்குள்ளேயே கூவுகிறது. கோப்பை வைக்கும் சத்தமும் குத்துகிறது. இது பேய்க்கோளாறல்ல, வேலை தந்த காயம். நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பதே எல்லை; அந்த மெஷின் அதைத் தாண்டும். காதுக்கவசம் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. கேட்டு வாங்குவோம்.

ஆனால் வீட்டிலும் பஞ்சு அடைக்காதீர்கள். அடைக்க அடைக்கச் சின்னச் சத்தமும் பெரிதாய்த் தெரியும். எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். படுக்கும்போது ரேடியோவை மெல்ல விடுங்கள், இரைச்சல் அமுங்கும். திடீரென ஒரு காது கேட்காமற்போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்காகச் சம்பளம் வெட்டினால் சங்கத்திடம் வாருங்கள்.