தண்ணீர் போன வழி

எங்கள் வீடு சிட்னியின் மேற்கே, கிரேஸ்டேன்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு நீளமான பாதை வரும். பக்கத்திலுள்ள பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பகுதிகளில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் காலையில் அந்தப் பாதையில் போனால், யாராவது தமிழில் கதைப்பது காதில் விழும்.

என் அம்மம்மா கிளிநொச்சியிலிருந்து எங்களிடம் வந்தவர். முதல் நாள் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். "இது ஒரு பழைய வாய்க்கால், அம்மம்மா" என்றேன்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். "வாய்க்கால் எண்டா தண்ணி எங்க, பிள்ளை?"

நல்ல கேள்விதான். 1888ஆம் ஆண்டு முதல் ப்ராஸ்பெக்ட் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் இந்த வழியாகத்தான் கில்ஃபோர்டுக்குப் போனது. அங்கிருந்து குழாய்களில் நகரத்துக்குப் போனது. இங்கே தண்ணீரைத் தள்ள இயந்திரம் எதுவும் இல்லை. கண்ணுக்கே தெரியாத சிறு சரிவில் அது தானாக ஓடியது. குன்று வந்தால் வாய்க்கால் வளைந்து போகும். பள்ளம் வந்தால் பாலம் வேண்டும். அப்படிக் கட்டிய பாலம் ஒன்று எங்கள் ஊரில் இன்னும் நிற்கிறது. அதன் பெயர் பூத்டவுன் பாலம். அதற்கு 22 வளைவுகள்! 1907இல் நிலத்துக்கு அடியில் குழாய் போட்ட பிறகு அந்தப் பாலத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. 1990களில் வாய்க்கால் முழுவதற்குமே வேலை இல்லாமல் போனது. இப்போது தண்ணீர் பெரிய குழாயில் போகிறது. வாய்க்கால் இருந்த வழியில் 7.7 கிலோமீட்டருக்கு நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள்.

"அதுதான் ஏத்தம் இறக்கம் இல்லாமல் இருக்கு" என்றார் அம்மம்மா. "நாங்களும் இரணைமடு வாய்க்கால் கரையால சைக்கிள்ல போனனாங்கள்." அன்று முதல் அவர் தனியாகவே நடக்கத் தொடங்கினார். இந்த நாட்டில் யாருடைய உதவியும் இல்லாமல் அவர் போய்வரும் ஒரே இடம் அதுதான்.

போன மாதம் ஒரு நாள், பின்னால் வேகமாக வந்த ஒருவர் ஆங்கிலத்தில் "ரைட்!" என்று கத்தினார். 'உங்களுக்கு வலது பக்கமாக நான் போகிறேன்' என்பதுதான் அதன் பொருள். அம்மம்மாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் விளங்கியது. உடனே வலது பக்கம் விலகினார். சைக்கிள் அவருடைய கையில் உரசிக்கொண்டு போனது. கையில் சிறு காயம்தான். ஆனால் மூன்று கிழமையாக அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. நடப்பவர்களுக்கு வேறு பாதை போட வேண்டும் என்று அப்பா சொன்னார். எனக்கு அதில் விருப்பமில்லை. பாதையோரத்தில் இந்தப் பகுதிக்கே உரிய பழைய காட்டு மரங்கள் நிற்கின்றன. சிட்னியின் மேற்கே அந்தக் காட்டில் கொஞ்சம்தான் மிச்சம். அதையும் வெட்டி இன்னொரு பாதை போடுவதா?

அண்ணா வேறு மாதிரிச் சொன்னான். "ரோட்டில கார் எல்லாம் உரசிக்கொண்டு போகுது. எனக்குப் பயமில்லாமல் ஓட இந்தப் பாதை மட்டும்தான் இருக்கு." அவன் சொன்னதும் உண்மை. காரைக் கண்டு அவனுக்கு வரும் அதே பயம்தான், சைக்கிளைக் கண்டு அம்மம்மாவுக்கு வந்தது.

அதனால் நான் ஒரு கணக்குப் பார்த்தேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முழுப் பாதையையும் முடிக்க ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 23 நிமிடம். வித்தியாசம் எட்டு நிமிடம்தான்! அண்ணா பாதிப் பாதைதான் ஓடுகிறான். அவனுக்கு நாலு நிமிடம். ஆட்களைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைக் குறைத்தால் அதுகூட ஆகாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இப்படிப்பட்ட பொதுப் பாதையில் சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழி விட வேண்டும். சைக்கிளில் மணியோ அதுபோன்ற எச்சரிக்கைக் கருவியோ இருக்க வேண்டும். மணி இருந்தால் அதை அடிக்கலாமே, ஏன் கத்த வேண்டும்? "ரைட்" என்ற சொல் ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் விளங்கும். மணிச் சத்தம் கிளிநொச்சியிலிருந்து வந்தவருக்கும் விளங்கும், மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். தூரத்திலேயே ஒரு தரம் அடித்தால் போதும். கிட்ட வந்து அடித்தால் அதுவும் கத்துவது போலத்தான்.

நடப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மணி கேட்டால் இடது பக்கமாகவே நடங்கள். நாலு பேர் கைகோத்துக்கொண்டு பாதையை அடைத்து நடக்காதீர்கள். (நானும் என் தோழிகளும் அப்படித்தான் நடப்போம்.)

அண்ணாவின் சைக்கிளில் மணி உடைந்து கிடந்தது. சனிக்கிழமை புது மணி வாங்கிப் பூட்டினான். அம்மம்மா அதை இரண்டு தரம் அடித்துப் பார்த்தார்.

"சத்தம் காணாது" என்றார். பிறகு செருப்பைத் தேடினார்.