எந்த நாளின் வெயில்?

பெங்களூருவின் கட்டடக்கலைக் கல்லூரிகளில் மேலாண்டுகளை எட்டிய மாணவர்கள் தங்களுக்குள் ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: எந்த ரெண்டரிங் மென்பொருளைக் கற்பது? விடைகளும் பழகியவையே. நிறுவனங்களில் வேலை வேண்டுமென்றால் வி-ரே. ஜூரிக்கு முந்தைய இரவில் எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமென்றால் லுமியன் அல்லது என்ஸ்கேப். உள்ளரங்கம் பளிச்சென்று வரவேண்டுமென்றால் கொரோனா. கையில் காசில்லையென்றால் பிளெண்டர். வேலை, வேகம், அழகு, விலை ஆகிய நான்கும் நியாயமான அளவுகோல்கள்தாம். இன்னும் கட்டப்படாத ஒரு கட்டடத்தின் படம் பார்ப்பவருக்கு எதை உறுதி கூறுகிறது, அந்த உறுதியை வேறொருவர் சரிபார்க்க முடியுமா என்னும் அளவுகோல் மட்டும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. மற்ற நான்கையும் இதற்குப் பின்னால் நிறுத்துவதே முறை.

வெயிலை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். பெங்களூரு வடக்கு அட்சரேகை 13 பாகையை ஒட்டி அமைந்த நகரம். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. நட்டுவைத்த கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே அடங்கிவிடுகிறது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில் உச்சிவேளைச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். டிசம்பர் இறுதியில், மிகத் தாழ்ந்து வரும்போதுகூட, நண்பகலில் தெற்கே சுமார் 53½ பாகை உயரத்தில் இருக்கும். லண்டனில் ஜூன் மாத உச்சிவேளைச் சூரியனே ஏறத்தாழ 62 பாகைதான் எழும். டிசம்பரில் அது 15 பாகைக்கு இறங்கிவிடும். அங்கே குளிர்கால நண்பகலில் தெற்குச் சாளரத்தின் வழியே வெயில் அறையின் மறுகோடி வரை நீள்வது இயல்பு. பெங்களூருவில் 2.1 மீட்டர் உயரச் சாளரத்தின் வழியே, மறைப்பு எதுவுமில்லாமல், டிசம்பர் நண்பகல் வெயில் தரையில் ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 60 செ.மீ. சன்ஷேடு ஒன்று இருந்தால், அந்நேரத்தில் தெற்குச் சுவரின் மேற்பகுதியில் ஏறத்தாழ 80 செ.மீ. நிழலாகிவிடும். ஜூன் நண்பகலில் தெற்குச் சுவர் வெயிலையே காண்பதில்லை.

இவ்வளவும் பள்ளிக் கணக்கு. ஆயினும் ஜூரியில் தொங்கும் தாள்களில் தெற்கு நோக்கிய கூடத்தின் தரை முழுவதும் தேன்நிற வெயில் பரவிக் கிடக்கிறது. அந்த வெயில் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரு வானப் படக் கோப்பிலிருந்து. எச்டிஆர்ஐ என்று வழங்கும் இவ்வகைக் கோப்பு ஓர் உண்மையான இடத்தில், ஓர் உண்மையான வேளையில் எடுக்கப்பட்ட முழுவானப் படம். சூரியனின் உயரம் அதில் உறைந்து போயிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் பாலி ஹேவன் தொகுப்பில் இருப்பவற்றில் பல ஐரோப்பாவிலோ தென் ஆப்பிரிக்காவிலோ எடுக்கப்பட்டவை. மாணவர் அதைக் காட்சியில் இட்டு, நிழல் அழகாக விழும்வரை சுழற்றுகிறார். சுழற்றிய கணத்திலேயே வரைபடத்தின் வடக்கு அம்பு பொருளிழந்துவிடுகிறது. இதில் மென்பொருளைக் குறைகூற ஒன்றுமில்லை. மேலே சொன்ன ஐந்திலுமே இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் கொடுத்துச் சூரியனைச் சரியான இடத்தில் நிறுத்த வழியுண்டு. அந்த வழியை யாரும் கேட்பதில்லை. ஆகவே யாரும் தொடுவதில்லை.

மரங்களின் கதையும் இதுவே. பூத்துக் குலுங்கும் இளஞ்சிவப்புத் தபேபுயாவை முகப்பில் நிறுத்தாத பெங்களூருப் படம் அரிது. அது ஆண்டின் தொடக்க மாதங்களில் சில வாரங்களே பூக்கும். அதன் பின்னணியில் வடக்குச் சுவரில் நண்பகல் வெயில் அடித்தால், ஒரே படத்தில் இரண்டு பருவங்கள் ஒன்றாக நிற்கின்றன என்று பொருள்.

எந்த மென்பொருள் உண்மையானது என்று கேட்பதைவிட, எது எந்த இடத்தில் தோராயம் செய்கிறது என்று கேட்பது பயன்தரும். 1986-இல் ஜேம்ஸ் கஜியா ரெண்டரிங் சமன்பாட்டை வெளியிட்டார். ஒரு பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, அப்பரப்பே உமிழும் ஒளியும் மற்ற எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து அதில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்தது என்பதே அதன் சாரம். வி-ரே, கொரோனா, பிளெண்டரின் சைக்கிள்ஸ் ஆகியவை இந்தச் சமன்பாட்டை மாதிரிக் கதிர்களை எறிந்து எறிந்து அணுகுகின்றன. நேரம் கொடுக்கக் கொடுக்கப் படத்தின் இரைச்சல் குறைகிறது. லுமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் போன்ற நிகழ்நேர மென்பொருள்கள் விளையாட்டுத் துறையின் உத்திகளைக் கையாண்டு விடையை நொடியில் ஊகிக்கின்றன. கதிர்த்தடம் பற்றும் வசதி அவற்றுக்கும் அண்மைக்காலத்தில் வந்துவிட்டது. எனினும் சுவரிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து கூரைக்கும் பலமுறை பட்டுத் தெறிக்கும் மறைமுக ஒளியில்தான் ஊகம் பெரும்பாலும் பிசகும். முற்றம், ஜாலிச் சுவர், ஆழ்ந்த தாழ்வாரம் என்று இந்நாட்டுக் கட்டடக்கலை நம்பி வாழ்வதோ அந்த மறைமுக ஒளியைத்தான்.

கணினிப் படத்தை உண்மையோடு ஒப்பிடும் வழக்கம் இத்துறையின் தொடக்கத்திலேயே இருந்தது. 1980-களின் நடுவில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உண்மையாகவே ஒரு பெட்டியைச் செய்து, அதன் ஒளியை அளந்து, கணக்கிட்ட படத்தை அதனருகே வைத்துப் பார்வையாளர்களிடம் காட்டிச் சோதித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு உருவாக்கத் தொடங்கிய ரேடியன்ஸ், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியின் அளவை எண்ணாகவே தரும். 2002 முதல் அது திறந்த மூல மென்பொருள். ஆனால் வகுப்பறையில் அதன் பெயரைச் சொன்னால் மாணவர் முகம் வாடும். கட்டளை வரியில் இயங்குவது. படமும் கண்ணைப் பறிக்காது. ரைனோவில் ஹனிபீ வழியாக அதை இயக்கலாம் என்று தெரிந்த பிறகும் பலர் அதைச் சூழலியல் பாடத்துக்குரிய சுமையாகவே கருதுகிறார்கள். ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு 100 முதல் 2,000 லக்ஸ் வரையிலான வெளிச்சத்தைப் பயன்தரும் பகல்வெளிச்சமாகக் கொள்கிறது. "வகுப்பறைக்கு நாள் முழுவதும் இயற்கை வெளிச்சமே போதும்" என்று ஆய்வேட்டில் எழுதுபவர் காட்ட வேண்டிய சான்று லக்ஸ் கணக்கு. வி-ரேயில் வெளிப்பாட்டைக் கூட்டி, புகைப்படக் கருவிக்குப் பின்னால் ஒரு மறைவிளக்கை வைத்து எடுத்த படம் அந்த இடத்தில் சான்றாகாது. எத்தனை துல்லியமான மென்பொருளும் மறைவிளக்கைத் தடுப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இதைக் கொண்டு நிகழ்நேர மென்பொருள்களை ஒதுக்கிவிடுவது பேதைமை. 30 நொடி நடைக்காட்சிக்கு நொடிக்கு 25 சட்டகம் என்றால் 750 சட்டகங்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 125 மணி நேரம், அதாவது ஐந்து நாட்களுக்கும் மேல். ஒரே ஒரு கணினி வைத்திருக்கும் மாணவருக்கு அது நடவாத காரியம். அதைவிட முக்கியமானது வேறொன்று. சுவரை அரை மீட்டர் நகர்த்தியதும் தாழ்வாரம் எப்படி மாறுகிறது என்று உடனே காண முடிவது வடிவமைக்கும் மனத்துக்குப் பெரிய துணை. ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொண்டே மாற்றிப் பார்க்கும் வேளையில் என்ஸ்கேப்பின் ஊகம் தாராளமாகப் போதும். அந்த ஊகப் படமே அடுத்த மாதம் தாளில் ஏறி, அடுத்த ஆண்டு விளம்பரப் பலகையில் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பெங்களூருவில் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் அடித்தளம் எழுவதற்கு முன்பே விலைபேசப்படுகின்றன. வாங்குபவர் பார்ப்பது படத்தை. இருபதாண்டுக் கடனுக்குக் கையெழுத்திடும் குடும்பத்துக்குப் படத்திலுள்ள வெயிலும் மரமும் எதிர் கட்டடம் இல்லாத வெற்று வானமும் அலங்காரமாகத் தோன்றுவதில்லை. விலையின் ஒரு பகுதியாகவே தோன்றுகின்றன. 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்திலோ விவரக் கையேட்டிலோ மாதிரி வீட்டிலோ உள்ள பொய்யான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து இழப்புக்குள்ளானவருக்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பைக் கட்டுமான நிறுவனத்தின்மேல் வைக்கிறது; திட்டத்திலிருந்து விலக விரும்புபவர் வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறவும் வழிசெய்கிறது. படத்தை உருவாக்கிய இளம் கட்டடக்கலைஞரின் பெயர் அந்தச் சட்டத்தில் இல்லை. பொய்யைச் செய்த விரல்கள் அவருடையவையாக இருந்தும் இல்லை. அந்த விரல்களுக்குப் பயிற்சி தரும் கல்லூரிகளாவது அதைப் பேச வேண்டாமா?

பொதுப்பணிகளில் பொறுப்பு இன்னும் பெரிது. பசவேசுவரா வட்டத்திலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கி.மீ. நீள எஃகு மேம்பாலம் கட்டத் திட்டமிடப்பட்டபோது, 2016 அக்டோபர் 16 அன்று பல்லாயிரம் பேர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்த வாதத்தின் நடுவில் நின்ற எண் 812. வெட்டப்படவிருந்த மரங்களின் எண்ணிக்கை. இத்தகைய திட்டம் ஒன்றின் படத்தில் பாலத்தின் இருபுறமும் முழுவளர்ச்சியடைந்த தூங்குமூஞ்சி மரங்களை ஒரே சொடுக்கில் நட்டுவிடலாம். லுமியனில் மரம் நடுவதைவிட எளிதான வேலை வேறில்லை. இன்று நடும் கன்று அந்த விரிவை எட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று படம் சொல்லாது, மென்பொருளும் கேட்காது.

கற்பிக்கும் முறைக்கு நகரத்திலேயே நல்ல களம் உண்டு. பன்னேர்கட்டா சாலையிலுள்ள இந்திய மேலாண்மைக் கழக வளாகத்தை பி.வி. தோஷி வடிவமைத்தார். சொரசொரப்பான சாம்பல்நிறக் கருங்கல் சுவர்கள், பாதி திறந்த நீண்ட தாழ்வாரங்கள், பந்தல்போன்ற காங்கிரீட் சட்டங்களின் ஊடே துண்டு துண்டாக விழும் வெயில், இடையிடையே கொடியும் மரமும் என்று அந்த வளாகம் ஒளியாலேயே கட்டப்பட்டது போலிருக்கும். அதுபோன்ற ஒரு தாழ்வாரத்தின் பத்து மீட்டரை அளந்து, மாதிரியாக்கி, ஒரே நாள், ஒரே நேரம் கொடுத்து மூன்று மென்பொருள்களில் ரெண்டர் செய்து, அதே நேரத்தில் எடுத்த புகைப்படத்தோடும் ஒளிமானியின் அளவீட்டோடும் ஒப்பிடச் சொன்னால், ஒரு பருவத் தேர்வுக்கு அது போதுமான வேலை. எது எங்கே பொய் சொல்கிறது என்று மாணவர் தம் கண்ணாலேயே கண்டுகொள்வார். கருங்கல்லின் நிறத்தையும் பிரதிபலிப்பையும் இயல்புநிலை நூலகத்திலிருந்து எடுத்ததால் வந்த பிழை, மென்பொருளின் பிழையைவிடப் பெரிதாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. கட்டடக்கலைப் படம் கற்பனை, அதை அளவுகோல் கொண்டு அளப்பது கலையைக் கொல்வது என்பார்கள். தோஷியே தம் கட்டடங்களை மினியேச்சர் ஓவிய மரபில், பார்வைக்கோணங்களைக் கலைத்துப்போட்டு வரையச் செய்தவர். உண்மைதான். ஆனால் அந்த ஓவியத்தைப் பார்த்து எவரும் அதைப் புகைப்படம் என்று நம்புவதில்லை; ஓவியம் தன்னை ஓவியம் என்றே அறிவித்துக்கொள்கிறது. புகைப்படத்தின் உடையை அணிந்து வரும் படத்துக்குத்தான் இந்த விசாரணை. கற்பனையாக வரைய விரும்புபவர் வெளிப்படையாகக் கற்பனையாக வரையட்டும். அதற்கு வி-ரே உரிமம்கூடத் தேவையில்லை.

உரிமம் என்றதும் ஆய்வாளர்கள் கவலைப்பட வேண்டிய வேறொன்று நினைவுக்கு வருகிறது. கட்டடக்கலைஞர்கள் ஒருகாலத்தில் பெரிதும் நம்பிய மென்ட்டல் ரே, 2017-இல் என்விடியாவால் நிறுத்தப்பட்டது. அதில் அமைக்கப்பட்ட காட்சிகளை இன்று திறந்தால் வடிவங்கள் எஞ்சும். பொருள்களும் ஒளியும் பழையபடி வரமாட்டா. அதே ஆண்டில் கொரோனா, வி-ரேயை உருவாக்கிய கேயாஸ் நிறுவனத்திடம் சேர்ந்தது. 2022-இல் என்ஸ்கேப்பும் அதனுடன் இணைந்தது. வகுப்பில் மூன்று பெயர்களாக ஒலிப்பவை இன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள். சந்தா முடிந்தால் கோப்பு பூட்டிக்கொள்ளும். கல்வி உரிமம் பட்டத்தோடு முடியும். அதன்பிறகு பலர் திருட்டுப் பிரதிக்குப் போவது ஊரறிந்த இரகசியம். பிளெண்டர் 2002-இல் பயனர்கள் திரட்டிய ஒரு லட்சம் யூரோவால் மீட்கப்பட்டுப் பொதுவுடைமையானது. அதன் பழைய பதிப்புகளை இன்றும் இறக்கிப் பழைய கோப்பைத் திறக்கலாம். முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு படம் சான்றாக நிற்கிறதென்றால், பத்தாண்டு கழித்து வேறொருவர் அதைத் திரும்ப உருவாக்கிப் பார்க்க முடிய வேண்டும். ஆய்வுக்கு பிளெண்டரும் ரேடியன்ஸும், ஸ்டூடியோ உரையாடலுக்கு ஏதேனும் ஒரு நிகழ்நேர மென்பொருள், வேலைக்காக வி-ரே என்று மூன்றாகப் பிரித்துக் கற்பிப்பது செலவும் குறைந்த ஏற்பாடு.

துறைகள் இதற்காகப் பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஜூரிக்கே ஒரு விதி போதும்: ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், நாள், நேரம், பார்க்கும் திசை, வானத்தின் மூலம், மரங்களின் வயது, மென்பொருளும் அதன் பதிப்பும் குறிக்கப்பட வேண்டும். தேர்வாளர் விரும்பினால் "இதே கூடத்தை ஜூன் 21 பிற்பகல் மூன்று மணிக்குக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். நிகழ்நேர மென்பொருள் வைத்திருப்பவர் அங்கேயே காட்டிவிடுவார். எழுதுவதற்கு ஒரு வரி இடம் போதும். தாளின் கீழோரத்தில், அளவுகோலுக்கும் வடக்கு அம்புக்கும் பக்கத்தில், அந்த இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.