சொந்தத் தொலைபேசியில் அலுவலக மின்னஞ்சலா? "சம்மதம்" தட்டும் முன்...

புது வேலை. முதல் நாளே மேலாளர் சொல்கிறார்: "உங்க ஃபோன்லயே ஆஃபீஸ் மின்னஞ்சலைப் போட்டுக்குங்க."

முகவரி, மறைச்சொல் கொடுக்கிறீர்கள். நீளமான அனுமதிப் பட்டியல் ஒன்று வருகிறது. அதையெல்லாம் யார் படிக்கிறார்? "சம்மதம்" தட்டியாச்சு.

ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: தொலைபேசியில் உள்ள அனைத்தையும் அழிக்கும் அனுமதி. அந்த அனுமதி உங்களுக்கு அல்ல, உங்கள் நிறுவனத்துக்கு!

மின்னஞ்சல் எப்படி உடனுக்குடன் வருது?

பல நிறுவனங்களில் இருப்பது மைக்ரோசாஃப்டின் 'எக்ஸ்சேஞ்ச்' சர்வர். அதோடு தொலைபேசி பேசும் முறைகளில் ஒன்று 'ஆக்டிவ்சிங்க்'.

"புதுசா ஏதாவது இருக்கா?" என்று தொலைபேசி கேட்டுவிட்டு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். எதுவும் இல்லையென்றால் சர்வர் சில நிமிடங்கள் வரை பேசாமல் இருக்கும். மின்னஞ்சல் வந்த கையோடு பதில் சொல்லும்.

எல்லாவற்றையும் மறுபடி மறுபடி இறக்குவதில்லை. கடைசியாக எதுவரை வாங்கினோம் என்பதற்கு ஓர் அடையாளக் குறி உண்டு. அதைக் காட்டினால் பிறகு மாறியவை மட்டும் வரும். மாற்றங்கள் இரு பக்கமும் போகும்: எம்ஆர்டியில் நீங்கள் அழித்த மின்னஞ்சல் அலுவலகக் கணினியிலும் காணாமல் போகும்.

அதே பாதையில் கட்டளைகளும் வரும். கடவு எண் எத்தனை இலக்கம், திரை எப்போது பூட்டிக்கொள்ள வேண்டும், கடைசியாக, "எல்லாத்தையும் அழி." தொலைபேசி அணைந்திருந்தால் கட்டளை சர்வரில் காத்திருக்கும். அடுத்த முறை இணைந்ததும் வேலையைக் காட்டிவிடும்.

நிறுவனத்துக்கு எதற்கு இந்த அதிகாரம்?

காரணம் நியாயமானதுதான். டாக்சியில் தொலைபேசியை விட்டுவிட்டால் வாடிக்கையாளர் விவரங்களும் அதோடு போய்விடும். தன் வசமுள்ள தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

சிக்கல், நீங்கள் வேலையை விடும்போது வரலாம். நிர்வாகப் பக்கத்தில் இரண்டு தேர்வுகள் உண்டு: கணக்கை மட்டும் அழிப்பது, முழுத் தொலைபேசியையும் அழிப்பது. யாரோ அவசரத்தில் தவறானதைத் தட்டினால், பாட்டியோட பிறந்தநாள் படங்களும் போச்சு. வேறெங்கும் நகல் இல்லையென்றால் திரும்பக் கிடைக்காது.

அப்போ என் வாட்ஸ்அப்பையும் பார்ப்பாங்களா?

மாட்டார்கள். மின்னஞ்சல் இணைப்பு மட்டும் இருந்தால் உங்கள் உரையாடல்களையோ படங்களையோ பார்க்க வழியில்லை. பார்க்க முடியாததை அழிக்க மட்டும் முடியும் என்பதுதான் வேடிக்கை.

என்ன செய்யலாம்?

எந்தச் செயலியில் சேர்க்கிறீர்கள் என்பது முக்கியம். தொலைபேசியோடு வரும் மின்னஞ்சல் செயலியில் சேர்த்தால் அழிப்புக் கட்டளை முழுத் தொலைபேசியையும் துடைக்கலாம். 'அவுட்லுக்' செயலி தனக்குள் இருப்பதை மட்டுமே அழிக்கும்.

ஆண்ட்ராய்டில் 2014 முதல் வேலைக்கெனத் தனிப் பகுதி அமைக்கும் வசதி இருக்கிறது. ஐஃபோனில் 2019இல் அதுபோன்ற ஏற்பாடு வந்தது. நிறுவனம் அந்தப் பகுதியைத்தான் தொட முடியும். "எனக்கு அப்படி அமைச்சுத் தர முடியுமா?" என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவில் கேளுங்கள். தயங்க வேண்டாம், தொலைபேசி உங்க காசில் வாங்கியது.

வேலையை விடும் நாளில், அவர்களிடம் சொல்லிவிட்டு மின்னஞ்சல் கணக்கை நீங்களே நீக்கிவிடுங்கள். கணக்கு இல்லையென்றால் அந்தக் கட்டளை வந்துசேர வழியில்லை.