கைக்கெட்டிய கணக்கு



"எங்கள் பெண்ணுக்குக் கணக்கே வராது, சாமி" என்று முறையிடும் தாய்மார்கள் வீராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பலர் உண்டு. ஆனால் அதே பெண், தாயின் மீன்கூடையருகே அமர்ந்திருக்கும்போது, 1,500 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த மீனைப் பத்துக் கூறாக வைத்து, கூறு 180 ரூபாய் வீதம் விற்றால் 300 ரூபாய் மிஞ்சும் என்பதை விரல் மடக்காமலே சொல்லிவிடுகிறாள். பள்ளியில் அக்கணக்கே பெருக்கல், கழித்தல் குறிகளோடு கரும்பலகையில் நிற்கும்போது திகைக்கிறாள். கைக்கு எட்டியது ஏட்டுக்கு எட்டவில்லை.

இது அறிவின் குறையன்று. கைக்கும் ஏட்டுக்கும் இடையே பாலம் இல்லாத குறை. "உனக்குக் கணக்கு வராது" என்னும் தீர்ப்பைப் பத்து வயதில் கேட்கும் குழந்தை, அதனை மெய்யென்றே நம்பி, மேற்படிப்பின் பல வாயில்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஆகவே இதனைச் சிறு செய்தியென்று தள்ளலாகாது.

அந்தப் பாலத்தை விளையாட்டைக் கொண்டு அமைக்கலாம். வீட்டு மூலையில் கிடக்கும் பல்லாங்குழியையே எடுத்துக்கொள்வோம். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து சோழி அல்லது புளியங்கொட்டை இட்டால் மொத்தம் 70. குழிக்கு ஒன்றாகப் போட்டுச் செல்வதில் எண்ணுதல் இருக்கிறது. எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று முன்னரே பார்ப்பதில் மனக்கணக்கு இருக்கிறது. ஆட்ட முடிவில் ஒருவரிடம் 37 காய்களும் மற்றவரிடம் 33 காய்களும் சேர்ந்துள்ளன என்போம். அடுத்த ஆட்டத்திற்கு மீண்டும் குழிக்கு ஐந்தாக நிரப்ப வேண்டும். முன்னவர் ஏழு குழிகளையும் நிரப்பி, இரண்டு காய்களை மிச்சம் வைக்கிறார். பின்னவருக்கோ ஆறு குழிகளே நிரம்புகின்றன. மூன்று காய்கள் மிஞ்சுகின்றன. 33ஐ 5ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 3 என்னும் பாடம் இதுவேயன்றோ! ஈவு, மீதி என்ற சொற்களைக் கேட்பதற்கு முன்பே குழந்தை அவற்றைக் கண்ணாரக் கண்டுவிட்டது.

பின்னங்களைக் கற்பிக்க ஒரு தாளே போதும். தாளை மடித்தே வடிவ கணிதம் கற்பிக்கலாம் என்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி. சுந்தர ராவ் 1893இல் ஆங்கில நூலொன்று எழுதிச் சென்னையில் வெளியிட்டார். மழலையர் பள்ளிக் குழந்தைகளின் காகித மடிப்பு விளையாட்டே அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது. ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் 1895இல் அந்நூலை எடுத்துக்காட்டினார். 1901இல் அது அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் பதிப்பிக்கப்பெற்றது. நம் வீட்டில் அத்துணை தூரம் செல்ல வேண்டியதில்லை. தாளைச் சரிபாதியாக ஒருமுறை மடித்தால் அரை. இருமுறை மடித்தால் கால். மும்முறை மடித்தால் அரைக்கால். நான்காம் முறை மடித்தால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. நான்கைவிட எட்டு பெரிது என்பதால் காலைவிட எட்டில் ஒன்றும் பெரிது என்று பிள்ளைகள் பலர் மயங்குவர். மடித்துப் பார்த்த குழந்தைக்கு அம்மயக்கம் நேராது.

வீராம்பட்டினத்தை அடுத்துள்ள அரிக்கமேட்டில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே மணிகள் செய்யப்பட்டன என்பதை நாம் அறிவோம். அத்தகைய சிறு மணியையே கணிதத்தின் கருவியாக்கினார் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலிய நாட்டு மருத்துவரான அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர் முறைப்படி, பத்து மணிகள் கோத்த கம்பி பத்தைக் குறிக்கும். பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கினால் ஆயிரம். கடையில் மலிவான பாசிமணி வாங்கிப் பத்துப் பத்தாகக் கோத்துக் கொடுங்கள். அரிக்கமேட்டில் மட்டும் பொறுக்க வேண்டாம். அது பாதுகாக்கப்படும் இடம்.

"விளையாடினால் வாய்ப்பாடு வந்துவிடுமா?" என்று நீங்கள் வினவலாம். வாராது. வாய்ப்பாட்டை மனனம் செய்யத்தான் வேண்டும். அது வேகம் தரும். விளையாட்டு பொருள் தரும். பொருளறியாத வேகம் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். இன்னொன்றும் உண்டு. வெறுமனே ஆடிவிட்டு எழுந்தால் அது ஆட்டத்தோடு நின்றுவிடும். "உன்னிடம் எத்தனை காய்? எத்தனை குழி நிரம்பும்? எத்தனை மிஞ்சும்?" என்று கேளுங்கள். குழந்தை சொன்ன விடையை அதன் கையாலேயே தாளில் எழுதச் செய்யுங்கள். அந்த ஒரு வரியே நாம் தேடிய பாலம். தவறினால் அதட்டாதீர்கள், காய்களை மறுபடி எண்ணச் சொல்லுங்கள், காய்களே திருத்திவிடும். பணம் வைத்து ஆடும் பழக்கத்தை மட்டும் அண்டவிடாதீர்கள்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு, நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிள்ளையோடு தரையில் அமர்ந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இப்பள்ளியில் ஆசிரியையாகலாம். பல்லாங்குழியில் அவரை வெல்வது எளிதன்று! அடுத்த முறை "கணக்கு வராது" என்னும் சொல் நாவின் நுனிக்கு வரும்போது அதனை விழுங்கிவிட்டு, ஒரு பிடி புளியங்கொட்டையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.