குடியை விட்டவனைப் பிடிக்கும் பேய்

குடிகாரனைப் பற்றி நமது ஜனங்களுக்கு இரண்டே அபிப்பிராயந்தான் உண்டு. ஒன்று, அவன் பாவி, ஒழுக்கங் கெட்டவன் என்பது. மற்றொன்று, அவனுக்குக் கிரகம் சரியில்லை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பது. முதல் அபிப்பிராயத்தினால் அவனுக்கு உதையும் வசவும் கிடைக்கின்றன. இரண்டாவது அபிப்பிராயத்தினால் பூசாரிக்கும் ஜோசியனுக்கும் பணம் கிடைக்கின்றது. இவ்விரண்டினாலும் குடி நின்றதா என்று கேட்டால் பதில் சொல்லுவாரைத்தான் காணோம்.

குடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் குடிப்பதில்லை. சகவாசத்தால் குடிப்பவர்கள் உண்டு. உடல் வலிக்காகக் குடிப்பவர்கள் உண்டு. ஆனால் பயத்தை அடக்குவதற்காகவே குடிக்கின்ற ஒரு கூட்டமும் இருக்கின்றது. இவர்களைப் பற்றி நமது ஒழுக்கப் பிரசங்கிகள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

ஒருவனுக்குக் காரணம் ஏதுமின்றித் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்ளுகின்றது, மூச்சு முட்டுகின்றது, உடம்பெல்லாம் வியர்க்கின்றது, இதோ செத்தோம் என்று தோன்றுகின்றது. சுமார் பத்து நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானே இறங்கிவிடுகின்றது. இன்னொருவனுக்கு நாலு பேர் முன்னால் நின்று பேசுவதென்றால் கைகால் நடுக்கம். மூன்றாமவனுக்கு விடிந்தது முதல் ஓயாத கவலை, இரவில் தூக்கமில்லை. இவைகளைப் பதற்ற நோய்கள் என்று வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள். காய்ச்சலைப் போல, நீரிழிவைப் போல இவைகளும் நோய்களேயாகும்.

ஆனால் நமது நாட்டில் நடப்பதென்ன? "காத்து கருப்பு அடித்துவிட்டது" என்று வேப்பிலை அடிக்கின்றார்கள். "ஏழரைச் சனி" என்று எள் விளக்கு ஏற்றுகின்றார்கள். தாயத்துக் கட்டுகின்றார்கள். பயம் போகவில்லை. ஒரு நாள் சிநேகிதன் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுக்கின்றான். அரை மணி நேரத்தில் பயம் போய்விடுகின்றது! தாயத்து செய்யாததைச் சாராயம் செய்துவிட்டது. இனி அவன் எதை நம்புவான்?

இங்கேதான் மோசமிருக்கின்றது. சாராயம் பயத்தைத் தீர்ப்பதில்லை. கந்து வட்டிக்காரனைப் போல இன்றிரவு கடன் கொடுத்து நாளைக் காலையில் வட்டியோடு வசூலிக்கின்றது. எப்படியெனில், மூளையில் பரபரப்பை எழுப்பும் வேலையும் உண்டு. அதை அடக்கும் வேலையும் உண்டு. சாராயம் அடக்குவதற்குத் துணை செய்து, எழுப்புவதை மந்தப்படுத்துகின்றது. இப்படியே தினமும் நடந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. தன் சொந்த அடக்கும் சக்தியைக் குறைத்துக்கொண்டு, எழுப்பும் சக்தியைக் கூட்டிக்கொள்ளுகின்றது. சாராயம் இறங்கியதும் அடக்குவாரில்லை. படபடப்பும், நடுக்கமும், பயமும் முன்னிலும் அதிகமாய் வருகின்றன. அதை அடக்க மறுபடியும் குடி. பயம் குடியை வளர்க்கின்றது. குடி பயத்தை வளர்க்கின்றது. பீடி குடிப்பவன் "ஒரு இழுப்பு இழுத்தால்தான் மனம் அமைதியாகிறது" என்பதும் இதே கதைதான். முந்திய பீடி உண்டாக்கிய தவிப்பைத்தான் அடுத்த பீடி தணிக்கின்றது.

நிற்க, இதைவிடக் கொடுமையான சங்கதி ஒன்றுண்டு. வருஷக்கணக்காய்க் குடித்தவனை வீட்டார் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போய், சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டி, அன்றைக்கே குடியை நிறுத்துகின்றார்கள். சில மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கின்றது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நாலு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. யாரோ கொல்ல வருவதாய் அலறுகின்றார்கள். உடனே ஊரார், "சத்தியத்தை மனதில் மீறினான், சாமி தண்டித்துவிட்டது" என்கின்றார்கள்; அல்லது "பேய் பிடித்துவிட்டது" என்று மந்திரவாதியை அழைக்கின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அந்த நேரத்தில் உடுக்கையடி நடக்கின்றது. தோழர்களே! இதில் உயிரும் போகக்கூடும்.

இது பேயல்லவென்று நாம் எப்படிச் சொல்லுகின்றோம்? 1813-ம் வருஷத்திலேயே தாமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் இந்நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார். 1955-ல் அமெரிக்காவில் லெக்சிங்டன் என்னும் ஊரில் ஹாரிஸ் இஸ்பெல் என்பவரும் அவரது கூட்டாளிகளும், நல்ல உணவும் விட்டமின்களும் கொடுத்தே சிலரைப் பல வாரம் தொடர்ந்து குடிக்க வைத்துத் திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். நெடுநாள் குடித்தவர்களில் சிலருக்கு வலிப்பும், சிலருக்குச் சித்தப் பிரமையும் வந்தன. கைதிகளை வைத்துச் செய்த அந்தப் பரீட்சை நியாயமா என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே எந்த மாரியாத்தாளிடம் சத்தியம் செய்தார்கள்? எந்த முனி அடித்தது?

இந்த மோசடி ஒரு மதத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல. கோவிலில் கயிறு, தர்காவில் தாயத்து, ஜெபக்கூட்டத்தில் பிசாசு ஓட்டுதல் என்று எல்லாக் கடையிலும் ஒரே சரக்குத்தான். தர்காவில் மனநோய் குணமாகுமென்று நம்பி ஏர்வாடியில் கொண்டுவந்து விடப்பட்டவர்களில் 28 பேர், 2001 ஆகஸ்டு 6-ந் தேதி கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டபடியே வெந்து போனார்கள். எந்தத் தெய்வமும் சங்கிலியை அவிழ்க்க வரவில்லை.

"கயிறு கட்டிக் குடியை விட்டவர்கள் இருக்கின்றார்களே" என்று ஆஸ்திக நண்பர்கள் கேட்கலாம். இருக்கின்றார்கள். விட்டவன் தன் உறுதியினாலும், பெண்டாட்டி பிள்ளைகளின் துணையினாலும் விட்டான். அந்தப் பெருமையைக் கயிற்றுக்குக் கொடுப்பானேன்? விட முடியாமல் போனவனையும் வலிப்பில் விழுந்தவனையும் கோவிலில் யார் கணக்கெழுதி வைக்கின்றார்கள்?

சர்க்காரையும் சும்மா விடுவதற்கில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மதுக்கடையை சர்க்காரே நடத்துகின்றது. 2019-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி, குடியினால் கெட்டு உதவி தேவைப்படும் நிலையிலிருப்பவர்கள் இத்தேசத்தில் 5.7 கோடிக்கு மேல். 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வோ, குடிநோயாளிகள் 100 பேரில் சுமார் 86 பேர் சிகிச்சையே பெறவில்லை என்கின்றது. சரக்கு தெருமுனையில் கிடைக்கின்றது. சிகிச்சை எங்கே கிடைக்கின்றது? விற்ற கை வைத்தியமும் செய்யவேண்டாமா?

ஆகவே செய்யவேண்டியது என்ன? நெடுநாள் குடித்தவன் ஒரே நாளில் தானாக நிறுத்தாமல், வைத்தியர் பார்வையில் நிறுத்தவேண்டும். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்துண்டு. பி1 விட்டமினும் கொடுப்பார்கள். அதோடு வேலை முடியவில்லை. முதலில் குடிக்கத் தூண்டிய பயத்துக்கும் சிகிச்சை செய்யவேண்டும். இல்லையேல் ஒரு மண்டல விரதம் முடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டுக் கடைக்குப் போகிறவன் கதைதான். பயந்ததைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் முறை உண்டு. சில வாரங்களில் பலன் தரும் மாத்திரைகளும் உண்டு. ஆனால் தூக்க மாத்திரையைத் தானே வாங்கி விழுங்கினால் அதுவும் இன்னொரு போதையாகிவிடும்.

மனநோய்க்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவது 2017-ம் வருஷத்துச் சட்டப்படி நமது உரிமை, அது பிச்சையல்ல. 14416 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்லுவார்கள். கல்லின் முன் விழுந்து கும்பிட வெட்கப்படாதவன், "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று ஒரு டாக்டரிடம் சொல்ல ஏன் வெட்கப்படவேண்டும்? அடுத்த முறை உங்கள் தெருவில் குடியை விட்டவன் ஒருவன் நடுங்கினால், பூசாரி வீட்டுக்கு ஓடாதீர்கள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.